கண்ணாடிக்கு இரண்டு பக்கமும்

"லோரெய்ன், மார்லிஸ் எவ்வளவு உயரம் இருப்பா?"

கடை திறந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. பல்பு அடுக்கில் தூசி தட்டிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தேன். வில்பர்ட் கங்காஸ் நின்றுகொண்டிருந்தான், கையில் அளவு டேப்போடு.

"உன் பொண்டாட்டி உயரத்தை எதிர்வீட்டுப் பொம்பளைகிட்ட வந்து கேக்குறியே, உனக்கே நல்லாருக்கா?" என்றேன்.

"நாப்பத்திரண்டு வருஷம் கூட இருந்தா. ஒரு நாளும் அளக்கலையே" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் அது அப்படியே அடங்கிவிட்டது. மனுஷன் நிஜமாகவே தெரியாமல்தான் கேட்கிறான்.

வில்பர்ட்டுக்கு அறுபத்தெட்டு வயது. முப்பத்தோரு குளிர்காலம் சாலைத் துறையின் பனி தள்ளும் லாரியை ஓட்டி ஓய்வு பெற்றவன். அமெரிக்காவின் வடக்கே சுப்பீரியர் ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் ஊரில் நவம்பரில் பனி ஆரம்பித்தால் ஏப்ரல் வரைக்கும் விடாது. பள்ளிக்கூட பஸ் கிளம்புவதற்குள் பாதையைத் திறந்துவிட்டாக வேண்டும். அதனால் வருஷத்தில் பாதி நாள் அவன் லாரிக்குள் தனியாகத்தான் இருந்தான். பேச ஆள் இல்லாமல் பழகியவன், ஆள் இருக்கும்போதும் பேசாமலே இருந்துவிட்டான். நல்லவன், அதில் சந்தேகமே வேண்டாம். எங்கள் வாசல் பனியை முப்பது வருஷமாக நாங்கள் கேட்காமலே தள்ளிவிட்டுப் போகிறவன். நன்றி சொல்லலாம் என்று வெளியே வந்தால், நான் பூட்ஸ் மாட்டுவதற்குள் வண்டியை எடுத்துவிடுவான்.

ஆனால் சொந்த வீட்டு வேலை என்று வந்துவிட்டால்! அதைச் சொல்ல ஆரம்பித்தால் எனக்குக் கோபம்தான் வரும். வரட்டும், சொல்கிறேன்.

எங்கள் ஊரில் கை கால் நன்றாக இருக்கிற ஒருவன் விளக்கு மாட்ட எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டான் என்றால், ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து காபி குடிக்கும்போது அதுதான் பேச்சு. சட்டமும் தடுப்பதில்லை, வீட்டுக்காரன் தன் வீட்டு ஒயரைத் தானே தொடலாம். அதனால் ஆண்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்: "நானே பாத்துக்கிறேன்." சொல்லிவிட்டு ஒரு சனிக்கிழமை சுவரை உடைத்துப் போடுவார்கள். உடைப்பது ஜோராக நடக்கும். அப்புறம் மீன் பிடிக்கிற காலம் வரும், மான் வேட்டைக் காலம் வரும், பனி வரும், முதுகு வலி வரும். நான் வேலை பார்க்கும் ஹார்டுவேர் கடையே அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் ஓடுகிறது. மின்சாமான் வரிசை என் பொறுப்பு. யார் வீட்டில் எந்தச் சுவர் எத்தனை வருஷமாகத் திறந்து கிடக்கிறது என்று என்னைக் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன்.

கங்காஸ் வீட்டுக் குளியலறை திறந்து கிடந்தது பதினோரு வருஷம். தொட்டியையும் கழிப்பறையையும் ஒரே வாரத்தில் திரும்பப் பொருத்திவிட்டான், அது இல்லாமல் முடியாது அல்லவா? கண்ணாடி இருந்த சுவர் மட்டும் மரச்சட்டங்கள் தெரிய அப்படியே நின்றது. அந்தச் சட்டத்தில் ஓர் ஆணி, ஆணியில் பழைய கண்ணாடி. விட்டத்தில் ஒயர்கள் சேரும் பெட்டியிலிருந்து ஓர் ஒயரில் மொட்டை பல்பு ஒன்று தொங்கியது. கண்ணாடி முன்னால் நின்றால் பல்பு முதுகுக்குப் பின்னால் இருக்கும். நம் முகத்தில் நம் நிழலே விழும். மார்லிஸ் புதுத் தொட்டி கேட்கவில்லை, பளிங்குக் கல் கேட்கவில்லை. கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் முகத்துக்கு நேரே ஒவ்வொரு விளக்கு, அவ்வளவுதான் கேட்டாள். "நானே பாத்துக்கிறேன்" என்றான் வில்பர்ட். கிணற்றில் போட்ட கல்தான்.

மார்லிஸ் பாங்க்கில் காசாளராக இருந்தாள். கவுண்டருக்குப் பின்னால் முகம் பளிச்சென்று இருக்க வேண்டிய வேலை. காலையில் கார் ஷெட்டில் வண்டிக்குள் உட்கார்ந்து, தலைக்கு மேலே இருக்கும் வெயில் மறைப்பை இறக்கி, அதில் இருக்கிற உள்ளங்கை அளவுக் கண்ணாடியில் கண்ணுக்கு மை தீட்டிக்கொள்வாள். ஜனவரியிலும் அதே கதைதான். என் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும். ஷெட் கதவு திறந்திருக்கும், என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும், புகைக்கு நடுவே வண்டிக்குள் ஒரு சின்ன வெளிச்சம், அதில் அவள் முகம்.

"எத்தனை வருஷம்டி இப்படி? அவனைப் பிடிச்சு உலுக்க வேண்டாமா?" என்று கேட்பேன்.

"பாவம், விடு. சுவரைப் பிரிக்கணும், ஒயர் இழுக்கணும், லேசான வேலையா? அவனுக்கு முதுகு வேற" என்பாள்.

அது எவ்வளவு நேரத்து வேலை என்று எனக்குத் தெரியும். தினமும் அந்தச் சாமான்களைத்தானே விற்கிறேன்? நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு குடும்பத்துக்குள் நெருப்பை வைத்தவள் என்ற பெயர் எனக்கு எதற்கு?

போன செப்டம்பரில் இரண்டு பெட்டியோடு மார்லிஸ் டுலூத் நகரத்துக்குப் போய்விட்டாள். நாலு மணி நேர வண்டி ஓட்டம். தங்கச்சி வீட்டுக்குப் பக்கத்தில் சின்ன ஃபிளாட். சண்டை கிடையாது, சத்தம் கிடையாது. "இங்க இருந்து காத்துட்டு இருக்கிறதும் அங்க தனியா இருக்கிறதும் ஒண்ணுதான், லோரெய்ன். அங்க காத்துட்டு இருக்க வேண்டாம்" என்று மட்டும் என்னிடம் சொன்னாள். வில்பர்ட் பெட்டிகளைத் தூக்கி வண்டியில் வைத்துக் கொடுத்தான். டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்த்தான்.

அதற்கப்புறம் அவன் தினமும் கடைக்கு வர ஆரம்பித்தான். ஒரு நாள் ஒரு திருகாணி வாங்குவான். மறுநாள் அதற்கு வாஷர். அதற்கடுத்த நாள் ஒரே ஒரு பல்பு. "மொத்தமா வாங்கிட்டுப் போயேன்யா, பெட்ரோல் என்ன சும்மாவா வருது?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டேன். "நாளைக்கு என்ன வேணும்னு நாளைக்குத்தானே தெரியும்" என்றான். கடையில் அரை மணி நேரம் நிற்பான். யாராவது வானிலை பற்றிப் பேசினால் கேட்டுக்கொண்டிருப்பான். அப்புறம் போய்விடுவான். அதற்கப்புறம் நான் பெட்ரோல் பேச்சை எடுக்கவில்லை.

ஏப்ரலில் அவன் நடையே மாறியது. அவன் பேத்தி ப்ரென்னா பள்ளிப் படிப்பை முடிக்கப் போகிறாள். எங்கள் பக்கம் அதற்கு வீட்டைத் திறந்துவைத்து ஊருக்கே சாப்பாடு போடுவது வழக்கம். மகள் கிறிஸ்டாவின் வீட்டில் இடம் போதாது. அதனால் வில்பர்ட்டின் கார் ஷெட்டில் விருந்து, ஜூன் முதல் சனிக்கிழமை. வருகிற கூட்டம் முழுக்க அவன் குளியலறைக்குள் போய் வந்தாக வேண்டும். மார்லிஸும் வருவதாகச் சொல்லிவிட்டாள்.

"அந்த ரெண்டு லைட்டையும் மாட்டிடப் போறேன்" என்றான்.

"ஊர் பாக்குதுன்னு இப்பவாவது தோணுச்சே."

"ஊருக்கு இல்ல." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அவ வந்து பாத்தா, திரும்பி வந்துருவா, லோரெய்ன்."

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. அவ கேட்டது அது ஒண்ணுதானே? அதச் செஞ்சுட்டா அப்புறம் என்ன குறை?"

அவ்வளவு நம்பிக்கையோடு ஒருவன் நிற்கிறான். சுவர் விளக்குகள் இருக்கும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

வாழ்க்கையில் அந்த மனுஷன் எதையும் தேர்ந்தெடுத்ததில்லை. சட்டைகூட மார்லிஸ் வாங்கியதுதான். அந்த விளக்குகளுக்கு மூன்று வாரம் எடுத்துக்கொண்டான். ஒவ்வொன்றையும் கையில் வைத்து, எரியவிடச் சொல்லி, தள்ளி நின்று பார்ப்பான்.

"எது முகத்துக்கு நல்லாருக்கும்?"

"உன் முகத்துக்கா? எந்த லைட்டும் உதவாது" என்றேன்.

"அவ முகத்துக்கு."

கடைசியில் பால் நிறக் கண்ணாடிக் கூடு போட்ட ஒரு ஜோடியை எடுத்தான். வெளிச்சம் மெத்தென்று விழும், கண்ணைக் குத்தாது. நல்ல தேர்வுதான். பெட்டிக்குள் இருந்த காகிதத்தில் விளக்கின் நடுப்பகுதி கண் உயரத்தில் வர வேண்டும் என்று போட்டிருந்தது. அங்கேதான் மாட்டிக்கொண்டான். யாருடைய கண்? அதனால்தான் மே மாதத்தில் ஒரு காலை, கடை திறந்த உடனே வந்து அந்தக் கேள்வியைக் கேட்டது.

"அவ குளிர் கோட்டு ஒண்ண விட்டுட்டுப் போயிருக்கா. அதச் சட்டத்துல மாட்டி அளந்து பாத்தேன்" என்றான்.

"அப்புறம்?"

"கோட்டுக்குத் தலை இல்லையே."

தலையில் அடித்துக்கொண்டேன். "போன் போட்டுக் கேளேன்யா."

"கேட்டா எதுக்குன்னு கேப்பா. சொல்லிட்டா அவ வந்து பாக்கறப்ப என்ன இருக்கு?"

மார்லிஸும் நானும் ஒரே உயரம். சின்ன வயதில் ஒருவர் உடுப்பை ஒருவர் போட்டுக்கொண்டு நாட்டியத்துக்குப் போனவர்கள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அன்று வேலை முடிந்ததும் அவன் வீட்டுக்கு வருவதாகச் சொன்னேன்.

"அவன் பாத்ரூம்ல உனக்கென்னடி வேலை?" என்று கேட்டான் என் புருஷன் டென்னிஸ்.

"என் கண்ணைக் கொஞ்சம் இரவல் குடுக்கப் போறேன். நீ சூப்ப சூடு பண்ணிச் சாப்பிடு" என்று சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்தேன்.

அந்த வீட்டுக்குள் நான் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. சுத்தமாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு என்னவோபோல இருந்தது. பாத்திரம் காயவைக்கும் தட்டில் ஒரு தட்டு, ஒரு கிண்ணம், ஒரு ஸ்பூன். ஆள் இல்லாத கூடத்தில் ரேடியோ பேசிக்கொண்டிருந்தது. குளியலறையில் திறந்த சட்டங்களுக்கு முன்னால் போய் நின்றேன். காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு வில்பர்ட் பக்கத்தில் வந்தான்.

"அசையாத. நேரே பாரு. மோவாயத் தூக்காத."

இடது பக்கச் சட்டத்தில் ஒரு கோடு, வலது பக்கச் சட்டத்தில் ஒரு கோடு. டேப்பை இழுத்து அளந்தான். தரையிலிருந்து ஐம்பத்தொன்பது அங்குலம். நம்பாமல் இன்னொரு தடவை அளந்தான்.

"இவ்வளவுதானா அவ? ரொம்ப உயரம்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்" என்றான்.

கோபமும் இரக்கமும் சேர்ந்து வந்தது எனக்கு. சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ, சொல்லிவிட்டேன். "தெனம் காலைல அவ வண்டிக்குள்ள உக்காந்து முகத்துக்குப் போட்டுக்குவா, தெரியுமா உனக்கு? மைனஸ் இருபதுலயும்."

"வண்டிய சூடு பண்றான்னுல்ல நெனச்சேன்."

"எதுக்கு? முக்கா மணி நேரமா?"

பென்சிலைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே நின்றான். அவன் லாரியை எடுத்துக்கொண்டு போன பிறகுதான் அவள் எழுந்திருப்பாள். ஓய்வு பெற்ற பிறகோ அவன் காலையில் படுக்கையை விட்டு எழுவதற்குள் அவள் ஷெட்டில் இருப்பாள். பார்த்திருக்க வழியில்லை. ஆனால் கேட்டிருக்கலாம் அல்லவா? நான் அதைக் கேட்கவில்லை. என் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதற்கடுத்து வந்த முதல் சனிக்கிழமை ஒயர் இழுத்தான். அதற்கு முதலில் அந்த அறைக்கு வருகிற மின்சாரத்தை நிறுத்த வேண்டும். பிரேக்கர் பெட்டி நிலவறையில் இருக்கிறது. எது எந்த அறைக்கு என்று பழைய வீட்டுக்காரர் எழுதி ஒட்டியிருந்த காகிதம் எப்போதோ மங்கிப்போயிருந்தது. எங்கள் வீடுகளில் இது இரண்டு ஆள் வேலை. ஒருவர் கீழே நின்று ஒவ்வொரு பிரேக்கராகத் தட்டிக்கொண்டே "இப்போ?" என்று கத்த வேண்டும். மேலே இருப்பவர் பல்பைப் பார்த்து "இன்னும் எரியுது!" என்று கத்த வேண்டும். கல்யாணமானவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது இந்தக் கத்தலைக் கத்தியிருப்பார்கள். பாதி வீடுகளில் அது சண்டையில்தான் போய் முடியும்.

திங்கட்கிழமை கடையில் அதை அவனே சொன்னான், சிரித்துக்கொண்டே. "ஒண்ணத் தட்டிட்டு 'இப்போ?'ன்னு கத்திட்டேன், லோரெய்ன். பழக்கம். பதிலுக்காக நின்னுட்டு வேற இருந்திருக்கேன். கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் எனக்கே உறைச்சுது."

"எவ்வளவு நேரம் நின்ன?"

"தெரியல. அப்புறம் நானே ஏறிப் போய்ப் பாத்தேன். எறங்கி வந்து அடுத்ததத் தட்டினேன். பதிமூணாவதுதான் சரியான பிரேக்கர். முட்டி போச்சு போ."

எதிரில்தான் இருக்கிறேன், ஒரு குரல் கொடுத்தால் வந்திருப்பேன். எல்லாவற்றுக்கும் "நானே பாத்துக்கிறேன்"! அவன் சிரித்தான், எனக்குச் சிரிப்பு வரவில்லை. முட்டிக்குப் போடுகிற தைலம் இரண்டாவது வரிசையில் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

அந்த வாரம் சுவரை மூடி வெளிர் மஞ்சள் பெயிண்ட் அடித்தான். இரண்டாவது சனிக்கிழமை விளக்குகளை மாட்டினான். பதினொரு மணிக்குக் கடைக்குப் போன் வந்தது.

"லோரெய்ன், வீட்டுல பேய் பிடிச்சிருக்கு."

"என்னய்யா ஒளறுற?"

"சுவிட்சப் போடாமலே லைட்டு எரியுது. சரின்னு சுவிட்சப் போட்டா, படார்னு பிரேக்கர் விழுந்து எல்லாம் இருட்டாயிடுது. அணைக்கத்தானே சுவிட்ச், அது ஏன் இப்படிச் சண்டைக்கு வருது?"

எனக்குப் புரிந்துவிட்டது. வாராவாரம் ஒருவனாவது இந்தக் கேள்வியோடு வருவான். "விட்டத்துப் பெட்டில இருந்த ஒயரெல்லாம் எப்படி இருந்துச்சுன்னு பாத்து வச்சுக்கிட்டா அவுத்த?"

"எதுக்குப் பாக்கணும்? கறுப்ப கறுப்போட முறுக்கினேன், வெள்ளைய வெள்ளையோட முறுக்கினேன். சின்னப் புள்ளைகூடச் செய்யும்."

"சின்னப் புள்ளதான் செய்யும்! உன் வீடு கட்டி அறுபது வருஷமாச்சு. அந்தக் காலத்து வீட்டுல கரண்டு நேரா லைட்டுப் பெட்டிக்கு வரும். அங்கிருந்து ஒரு ஒயர்ல சுவிட்சுக்கு எறங்கி, இன்னொரு ஒயர்ல ஏறித் திரும்பி வரும். அந்த எறங்குற ஒயரு பாக்கத்தான் வெள்ளை. உள்ள ஓடுறது கறுப்புல ஓடுற அதே கரண்டு. அதப் போயி மத்த வெள்ளையோட சேத்து முறுக்கினா வெடிக்காம என்ன பண்ணும்?"

"அப்போ வெள்ளைன்னு நம்பினது வெள்ளை இல்லையா?" என்றான், ஏதோ தனக்குத் துரோகம் செய்துவிட்டார்கள் என்பது போல.

"ஆமா சாமி. கீழ போயி பிரேக்கர அணைச்சிட்டு வா. சுவிட்சுக்குப் போற வெள்ளைய, உள்ள வர்ற கறுப்போட சேரு. மறக்காம அதும்மேல கறுப்பு டேப்பச் சுத்து, நாளைக்கு இன்னொருத்தன் ஏமாறக் கூடாது. சுவிட்சுலேர்ந்து திரும்பி வர்ற கறுப்பு, லைட்டுங்களோட கறுப்புக்கு. மிச்ச வெள்ளையெல்லாம் ஒண்ணா. புரிஞ்சுதா?"

எழுதிக்கொண்டான். திரும்பச் சொல்லிக் காட்டினான். ஒரு மணிக்கு மறுபடியும் போன். "எரியுது" என்றான். மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது எதிர்வீட்டுக் குளியலறை ஜன்னலில் வெளிச்சம் வந்தது, போனது, வந்தது, போனது. அத்தனை தடவை போட்டுப் போட்டு அணைத்தான். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதோடு பயமாகவும் இருந்தது.

விருந்து நாள் நல்ல வெயில். ஷெட்டில் மடக்கு மேஜைகள் போட்டு, பன்றி இறைச்சி வைத்த பன்னும் உருளைக்கிழங்கு சாலடும், அவள் பள்ளிக்கூடத்துக் கொடி நிறத்தில் ஒரு பெரிய கேக்கும் வைத்திருந்தார்கள். இரண்டு மணிக்கு மார்லிஸ் வந்தாள். நீல உடுப்பு, முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். என்னைக் கட்டிக்கொண்டாள். பேத்தியைக் கட்டிக்கொண்டு அழுதாள். வில்பர்ட்டையும் லேசாகத் தோளைத் தொட்டு, "இளைச்சிட்டியே" என்றாள்.

"நீ பாத்ரூம் போகணுமா?" என்றான் அவன்.

அட ஆண்டவா! நாற்பத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியவன் ஒன்பது மாதம் கழித்துப் பெண்டாட்டியிடம் பேசுகிற முதல் பேச்சு இதுவா?

"இல்ல, வேண்டாம்" என்றாள் மார்லிஸ், ஆச்சரியத்தோடு.

பத்து நிமிஷம் கழித்து, சாலட் தட்டோடு நின்றவளிடம் போய், "நாலு மணி நேரம் வண்டி ஓட்டியிருக்க. போகணும்னா பாத்ரூம் காலியாத்தான் இருக்கு" என்றான். நான் அவன் காலை மிதித்தேன். மூன்றாவது தடவை அவன் வாயைத் திறப்பதற்குள் மார்லிஸ் சிரித்துவிட்டாள். "சரி சரி, போறேன். அங்க என்னதான் ஒளிச்சு வச்சிருக்கன்னு பாக்குறேன்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள்.

நான் சமையலறையில் பீன்ஸ் சட்டியைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தேன். அங்கிருந்து நடைவழி நேராகத் தெரியும். வில்பர்ட் குளியலறைக் கதவுக்கு வெளியே, டாக்டர் அறைக்கு முன்னால் நிற்பவன் மாதிரி நின்றான். உள்ளே சுவிட்ச் சத்தம் கேட்டது.

கதவு திறந்தது. கண் கலங்கியிருந்தது அவளுக்கு. "நீயா மாட்டின?"

"நானேதான். ஆளே கூப்பிடல."

"என் முகம் முழுசாத் தெரியுது, வில்பர்ட். எங்கயும் நிழலே இல்ல. சரியா என் கண்ணுக்கு நேரா இருக்கு."

"அளந்து வச்சேன்."

அவள் கையை நீட்டி அவன் சட்டைக் காலரைச் சரிபண்ணினாள். கடவுளே, இவன் சொன்னது பலித்துவிட்டதே என்று நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

"எத்தனை நாளாச்சு?" என்று கேட்டாள்.

பெருமை பொங்க நிமிர்ந்து நின்றான். "ரெண்டே சனிக்கிழமை!"

அவள் கை காலரிலேயே நின்றது. "ரெண்டு சனிக்கிழமையா?"

"முழுசாக்கூட இல்ல. ரெண்டாவது சனிக்கிழமை ஒரு மணிக்கே முடிஞ்சிருச்சு. நடுவுல ஒயர்ல ஒரு சின்னத் தப்பு. இல்லன்னா பத்தரைக்கே முடிச்சிருப்பேன்."

மார்லிஸ் கையை எடுத்துக்கொண்டாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, திரும்பி அந்த விளக்குகளை ஒரு தடவை பார்த்தாள்.

"அது பெரிய வேலைன்னு நெனச்சேன்" என்றாள். "ஒவ்வொரு வருஷமும் எனக்கு நானே சொல்லிப்பேன். மாசக்கணக்கா ஆகும், பாவம், அவனுக்கு எங்க நேரம், முதுகு வேற வலிக்குதுன்னு. அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் உன்ன மன்னிச்சிட்டே வந்தேன், வில்பர்ட்."

"மார்லிஸ்..."

"ரெண்டு சனிக்கிழமை."

கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். என்னைத் தாண்டித்தான் வெளியே போனாள். நான் கூப்பிட்டேன், அவள் திரும்பவில்லை. ப்ரென்னாவை இன்னொரு தடவை கட்டிக்கொண்டு பரிசுப் பணம் வைத்த ஒரு கவரைக் கொடுத்தாள். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

வில்பர்ட் நடைவழியிலேயே நின்றான். அடுப்பில் பீன்ஸ் அடிப்பிடித்துக்கொண்டிருந்தது, அதை அணைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

"ஆறு மாசம்னு சொல்லியிருக்கணுமோ?" என்று என்னைக் கேட்டான்.

"சொல்லியிருக்கலாம்" என்றேன். "உனக்கு அதெல்லாம் வராதுய்யா."

"அவகிட்டப் பெருமையாச் சொல்லணும்னு தோணுச்சு" என்றான்.

அப்போது கிறிஸ்டா ஷெட்டிலிருந்து ஓடிவந்தாள், கையில் போன். குடும்பமாக ஒரு படம் எடுக்க எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

"அம்மா எங்கப்பா? வண்டியக் காணோம்?"

"கெளம்பிட்டா. தூரம்ல."

"கெளம்பிட்டாளா? ராத்திரி தங்குவான்னுல்ல நெனச்சேன்! இருக்கச் சொன்னியாப்பா நீ? 'இரு மார்லிஸ், போகாத'ன்னு வாயத் திறந்து சொன்னியா?"

வில்பர்ட் மகளையே பார்த்தான். அப்படி ஒன்று சொல்லலாம் என்பதே அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது போலிருந்தது.

"லைட்டக் காட்டினேன்மா" என்றான்.